யாரும் சாகாத புத்தகங்கள்

அக்காவின் கதைகளில் யாரும் சாகமாட்டார்கள். ஓடிப்போன புருஷன் வீடு திரும்புவான். இடிகிற சுவர் ஆள் இல்லாத பக்கமாக விழும். ஏரி உடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பின்னால் நடந்ததை வைத்து அவளைக் குடிகெடுத்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி நினைத்தவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு நானும் ஒரு காரணம்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவள் அங்கே பேக்கிங்கில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திருவேற்காட்டில் அண்ணன் வீட்டில் ஒரு சின்ன அறையில் இருந்தாள். புருஷன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம். யாராவது வாயைக் கிளறினால், "அவரு அங்க கீறாரு, நான் இங்க கீறேன்" என்பாள், ஏதோ பஸ் ரூட் சொல்வதுபோல. அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

சாப்பாட்டு மணி அடித்தால் நாங்கள் பத்து நிமிஷத்தில் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டுச் சீட்டாடப் போய்விடுவோம். அக்கா தண்ணீர்த் தொட்டி நிழலில் கடையை விரிப்பாள். கிழிந்த அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் பழைய புரொடக்‌ஷன் ஷீட்டுகள், கோணி தைக்கிற ஊசி, மெழுகு தடவிய நூல், பால்பவுடர் டப்பாவில் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருப்பாள். எட்டுத் தாளை மடித்து நடுவில் தைத்தால் ஒரு கட்டு. இரண்டு மூன்று கட்டுகளைச் சேர்த்து முதுகில் பசை போட்டு, மேலே அட்டை வைத்து, அட்டைக்கு டெய்லர் கடையில் கேட்டு வாங்கிய ஜாக்கெட் துணி ஒட்டுவாள். புத்தகம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். முதல் பக்கத்தில் நாலு வரிக் கவிதை, அப்புறம் கதை, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு முழுக் கையெழுத்து. எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது.

அத்தனையும் எங்களைப் பற்றிய கதைகள்தான். பெயர்கூட மாற்றமாட்டாள். "வேற பேரு போட்டா இன்னாக்கா?" என்று கேட்டேன்.

"வேற பேரு போட்டா நல்லது வேற யாருக்கோ இல்ல நடக்கும்?" என்றாள்.

காண்டீனில் டீ போடுகிறவருடைய சம்சாரம் பூந்தமல்லி லாரி டிரைவர் ஒருவனோடு போய்விட்டாள். அக்கா பாவப்பட்டு அவருக்கு ஒரு புத்தகம் தைத்தாள். அதில் அந்த அம்மாள் இரண்டு முழம் மல்லியும் ஒரு டஜன் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். படித்த மனுஷன் கையில் கரண்டியோடு பேக்கிங்குக்கே வந்துவிட்டார். "யாரக் கேட்டு அவள இட்டுகினு வந்த? நானே இப்பத்தான் ரெண்டு வாரமா நிம்மதியா கீறேன். மொதல்ல அவளத் திருப்பி அனுப்பு."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தப்பு செய்துவிட்ட முகத்தோடு தையலைப் பிரித்தாள், கடைசிக் கட்டை உருவினாள், புதிதாக ஒன்று எழுதிச் சேர்த்தாள். அதில் அவர் தனியாளாக ஒரு பசுமாடு வாங்கினார். மாடு அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் அக்காவுக்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வந்தது.

செல்வராணி விஷயம் அப்படிச் சிரிக்கிற விஷயமில்லை. அவளும் பேக்கிங்தான். அவள் பெண் குழந்தை ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தவளிடம் அக்கா ஒரு ரோஸ் நிறத் துணி போட்ட புத்தகத்தைக் கொடுத்தாள். அதில் ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குழந்தை எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம் செல்வராணி அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "பால்வாடியில சேக்கற வயசாயிடுச்சிக்கா" என்றாள். அக்கா மறுபேச்சு பேசாமல் தையலைப் பிரித்து ஒரு கட்டு சேர்த்தாள். மறு வருஷம் இன்னொன்று. அதற்கும் மறு வருஷம் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போனது.

ஒருநாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் செல்வராணி யாரோ ஒரு பெண்ணிடம், "எம் பொண்ணு எல்லாத்துலயும் கெட்டி, கணக்குதான் கொஞ்சம் வீக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். மறுநாள் நேராக அக்காவிடம் போனேன்.

"நீ பண்றது நல்லதுக்கில்லக்கா."

"நல்லதுக்கில்லாதது முன்னாடியே நடந்துபோச்சேடா."

"செல்வராணிக்குப் பைத்தியம் புடிக்கப்போவுது. பாவம் உன்னத்தான் சேரும்."

"சேந்தா சேரட்டும்" என்று சொல்லிவிட்டு நூலுக்கு மெழுகு தடவ ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது எதற்கெடுத்தாலும் சுர்ரென்று ஏறும். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருந்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். ஆனால் அவளிடம் யாராலும் நீண்ட நாள் கோபமாக இருக்க முடியாது. எட்டாம் நாள் நானே போய், "உனக்குன்னு ஒண்ணு எழுதினியாக்கா?" என்று கேட்டுச் சமாதானமானேன்.

"எனக்கு இன்னா முடிவு போடறதுன்னு தெரியலடா. அவரத் திருப்பி இட்டுகினு வரவும் புடிக்கல. வராமலே வுடவும் மனசில்ல" என்றாள். அவள் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். பிரஸ் மெஷினில் தகட்டை உள்ளே வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து டை என்கிற வெட்டச்சு இறங்கி வெட்டும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்காதபடி முன்னால் ஒரு கம்பிக் கூண்டு உண்டு. கூண்டு திறந்திருந்தால் மிதி மாட்டிக்கொள்ளும், சாத்தினால்தான் வேலை செய்யும், கழற்றியே விட்டால் தடையே இல்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் கூண்டைத் திறந்து சாத்துவதற்குள் வேகம் பாதியாகிவிடும். அப்போது ஓர் அவசர ஆர்டர் வந்தது. அந்த வாரம் எட்டு பிரஸ்ஸிலும் கூண்டு இல்லை. ஃபோர்மேனுக்குத் தெரியாமல் அங்கே ஓர் ஆணிகூட நகராது.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கு முன்னால் என் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. முதலில் வலிக்கவே இல்லை. பக்கத்து மெஷின்காரன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் குனிந்து பார்த்தேன். அக்காவின் மேஜை எங்கள் மெஷின் ஷாப்புக்கு நேர் எதிரில். அவள்தான் முதலில் ஓடி வந்தாள். முந்தானையைக் கிழித்துச் சுற்றி, ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் வேனில் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. பெண் பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒன்பதாம் நாள் அக்கா புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பச்சைத் துணி அட்டை. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்.

"இரும்புக்கும் ஈரம் உண்டு.
விரல் வருவதைப் பார்த்தது.
வெட்ட வந்தது
வெட்கப்பட்டு நின்றது."

கதையில் அதே செவ்வாய்க்கிழமை, அதே மெஷின், என் பெயர், என் டோக்கன் நம்பர். காலையில் நான் வந்து மெஷினைத் துடைக்கிறேன். கூண்டு புதுப் பெயிண்ட்டோடு பளபளவென்று இருக்கிறது. தகடு கோணலாகப் போய் நான் அவசரத்தில் கையை நீட்டுகிறேன். கூண்டு தடுத்துவிடுகிறது. சுண்டு விரலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு கையாலும் பெண்ணைத் தூக்கிக் கொஞ்சுகிறேன். கீழே தேதியும் கையெழுத்தும் இருந்தன.

செல்வராணிக்காக அவளிடம் சண்டை போட்ட நான், அதை இடது கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதேன். ஒரு நாளைக்கு நாலு தடவை படிப்பேன். பக்கத்துக் கட்டில்காரர், நர்ஸம்மா, கட்டு மாற்ற வருகிறவர் என்று ஒருத்தரையும் விடவில்லை. எல்லாருக்கும் காட்டினேன். கம்பெனியிலிருந்து பர்சனல் ஆபீசர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கம்பெனி உன்னைக் கைவிடாதுப்பா என்றார். அவருக்கும் எடுத்துக் காட்டினேன். "எங்க பேக்கிங் அக்கா எனக்காகவே எழுதினது சார்."

அவர் இரண்டு பக்கம் நின்றபடி படித்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. வீட்ல படிச்சுட்டுத் தர்றேனே" என்றார். நானே என் கையால் தூக்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த வாரமே ரிஜிஸ்டர் தபாலில் சார்ஜ் ஷீட் வந்தது. காலையில் மெஷினில் கூண்டு இருந்தது, சீக்கிரம் வேலையை முடிக்க நானே யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டேன், என்னால் வந்த விபத்து, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். எட்டு மெஷினிலும் திங்கட்கிழமையிலிருந்தே கூண்டு இல்லை, எல்லாம் ஃபோர்மேன் கழற்ற வைத்தது என்று நான் பதில் போட்டேன். மற்ற ஏழு ஆபரேட்டர்களில் ஒருத்தனும் சாட்சிக்கு வரவில்லை. எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்கமாட்டேன். அக்கா மட்டும் யாரும் கூப்பிடாமலே, "நான் வர்றேன். எனக்கு நேரா தெரிஞ்சுது" என்றாள்.

விசாரணையை ஆபீஸ் மாடியில் ஓர் அறையில் நடத்தினார்கள். வெளியிலிருந்து வந்த வயதான வக்கீல் ஒருவர்தான் விசாரணை அதிகாரி. ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட். பர்சனல் ஆபீசர் பைலைத் திறந்து அந்தப் பச்சைப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். அட்டையில் நம்பர் போட்ட சீட்டு ஒட்டியிருந்தது.

"இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்."

"அன்னைக்குக் காலையில கூண்டு பளபளன்னு இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. தேதி போட்டிருக்கீங்க. பேரு, டோக்கன் நம்பர் எல்லாம் சரியா இருக்கு."

"அது நெஜமில்ல சார். கூண்டு இல்ல. அவன் மனசு ஆறட்டும்னு எழுதினேன்."

"அப்ப பொய்யா எழுதினீங்க."

"பொய்தான் சார்."

"இது மட்டுமா, நீங்க எழுதறது எல்லாமேவா?" பர்சனல் ஆபீசர் குறுக்கே வந்தார். அவர் நன்றாக விசாரித்து வைத்திருந்தார். "செல்வராணியோட குழந்தையப் பத்தி எழுதியிருக்கீங்களே, அது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு என் வேலை வேண்டும். அந்த நேரத்தில் செல்வராணியாவது, அவள் குழந்தையாவது.

"அதுவும் பொய்தான் சார். அந்தக் கொழந்த இல்ல. எல்லாமே பொய்" என்றாள். டைப்பிஸ்ட் அதையும் அடித்துக்கொண்டார். மறுநாள் விடிவதற்குள் அது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. செல்வராணி அதற்கப்புறம் அக்காவின் முகத்தில் முழிக்கவே இல்லை.

"சரிம்மா" என்றார் அதிகாரி. "புத்தகம் பொய்னு சொல்றீங்க. இங்க சொல்றதாவது நெஜமா?"

"சத்தியமா நெஜம் சார்."

"அப்ப கூண்டு இல்ல. யார் கழட்டினது?"

இந்த இடத்தில் அவள் ஃபோர்மேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கேட்காமலே நல்ல முடிவு எழுதிக் கொடுத்தவள். அன்றைக்கு என்று பார்த்து அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"திங்கக்கெழம காலையில ஃபோர்மேன் வந்து ஒவ்வொரு மிஷினா கூண்டக் காட்டிக் கழட்டச் சொன்னாரு. இவன் ஸ்பேனர எடுத்துக் கழட்டினான்."

"ஃபோர்மேன் சொன்னதை உங்க காதால கேட்டீங்களா?"

"பிரஸ் ஓடற சத்தத்துல எப்படி சார் கேக்கும்? கையக் காட்டி வாயசைச்சாரு."

"அப்ப கேக்கல. இவர் கழட்டினதைப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

அதிகாரி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "கூண்டைக் கழற்றியவர் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளிதான். நான் நேரில் பார்த்தேன். போடுங்க."

"ஃபோர்மேன் சொன்னதையும் போடுங்க சார்" என்றாள் அக்கா.

"காதால கேக்காததைப் போட முடியாதும்மா."

அவள் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அவள் சொன்னது நிஜம்தான். போல்ட் இரண்டையும் கழற்றியது நான்தான். ஃபோர்மேன் சொன்னார், நான் கழற்றினேன், மற்ற ஏழு பேரும் அவரவர் மெஷினில் அதையேதான் செய்தார்கள். ஆனால் வீட்டில் நான் சொன்னது வேறு. "ஃபோர்மேனே வந்து அவன் கையால கழட்டிகினு போனான்" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு என் கையைப் பார்க்கிறபோது, கழற்றியது இந்தக் கைதான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேட்டுக்கு வெளியே வந்ததும் அக்காவிடம் பாய்ந்தேன். "ஊரு முழுக்கப் பொய்யா எழுதுவ. எனக்கு ஒரே ஒரு பொய் வாயில வரலியா?"

"அங்க நான் சொல்றதுல ஒரு பொய்யி மாட்டிகினா அந்த புக்குதான் நெஜம்னு ஆயிடுமேடா. அதுக்குத்தான் பயந்தேன்" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அக்கா என்னைக் கவிழ்த்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னேன். என்ன சொல்லிக் கவிழ்த்தாள் என்றும் சொன்னேன். அது நிஜம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வேலை நீக்க உத்தரவு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தாள். என் மனைவி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அக்கா அக்கா என்று அவளைக் கொண்டாடியவள்தான். அன்றைக்கு அவள் பேசின பேச்சில் தெருவே வெளியே வந்துவிட்டது.

"நீ நல்லா இருப்பியா? எம் புருசன் கூண்டக் கழட்டினாருன்னு சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துது? ஃபோர்மேன் உனக்கு இன்னா குடுத்தான்?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க. இவ சொன்னது பொய்யின்னு இவ மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். தெருக்காரர்கள் பார்த்தார்கள். பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. நிஜம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"அவன எதுக்கும்மா கேக்கற?" என்றாள் அக்கா. "நான் அங்க சொன்னது பொய்தான். பயத்துல ஒளறிட்டேன். அவன் கூண்டத் தொடவே இல்ல. அவன் மேல ஒரு தப்பும் கெடையாது."

சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள் என்றும், அப்புறம் புத்தகம் எதுவும் தைக்கவில்லை என்றும் டீக்கடையில் யாரோ சொன்னார்கள். நான் திருவேற்காட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

அவள் அன்றைக்கு வாசலில் சொன்னதை என் மனைவி நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள்.